பூட்டிய வீட்டில் தீப்பிடித்தால் வெளியே வருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நம் ஊர் வீடுகள் திருடனை மனத்தில் வைத்துக் கட்டப்படுகின்றன. ஜன்னலுக்கு ஜன்னல் இரும்புக் கம்பி, பால்கனியை அடைத்து ஒரு கிரில், வாசல் கதவுக்கு வெளியே கிரில் கேட், அதற்கொரு பூட்டு. எல்லாவற்றையும் பூட்டிச் சாவிக்கொத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தால்தான் பல பெரியவர்களுக்குத் தூக்கம் வருகிறது. அந்த வீட்டில் நள்ளிரவில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பூட்டுகளைத் திறந்து வெளியே வர வேண்டும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

தமிழ்நாட்டில் நடந்த பெரும் தீ விபத்துகளை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத் தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளை இழந்தோம். கூரை தீப்பிடித்தது ஒரு காரணம் என்றால், உள்ளே இருந்தவர்கள் நேரத்துக்குள் வெளியேற முடியாமல் போனது அதற்குச் சற்றும் குறையாத காரணம்.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. 'ஜன்னல் வழியே வெளியேறுங்கள்' என்று அவை சொல்லும். நம் ஜன்னலில் கம்பி இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி சாவியில் தொடங்குகிறது.

படி 1: சாவிக்கு ஓர் இடம்

வாசல் கதவிலிருந்து கை எட்டும் தூரத்தில், சுவரில் ஒரு கொக்கி அடியுங்கள். ஜன்னல் வழியாகவோ கிரில் வழியாகவோ வெளியிலிருந்து கையை விட்டு எடுக்க முடியாத இடமாக அது இருக்க வேண்டும். வீட்டில் உள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் எட்ட வேண்டும். பூட்டியதும் சாவி அங்கேதான் தொங்க வேண்டும். தலையணைக்கு அடியில், பீரோவுக்குள், கைப்பைக்குள் என்று இனி எங்கும் போகக் கூடாது.

அடுத்து, ஓர் இரவு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு நீங்களே பூட்டைத் திறந்து பாருங்கள். கிரில் கேட்டின் பூட்டு பெரும்பாலும் வெளிப்பக்கமாகத் தொங்கும். உள்ளேயிருந்து திறக்கக் கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்து, பூட்டைத் தலைகீழாகத் திருப்பி, சாவித் துவாரத்தை விரலால் தடவித் தேட வேண்டும். கொத்தில் ஏழெட்டுச் சாவிகள் இருந்தால் எது எதுவென்று இருட்டில் தெரியாது. பகலில் ஒரு நொடியில் முடிகிற வேலை இருட்டில் எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் மனத்தில் படும். புகையும் பதற்றமும் சேர்ந்தால் இன்னும் இழுக்கும்.

இதற்குத் தீர்வு எளிது. வாசல் சாவியையும் கேட் சாவியையும் மட்டும் தனி வளையத்தில் போடுங்கள். கேட் சாவியின் தலையில் தடித்த நூலைச் சுற்றிவிட்டால் தொட்டதும் தெரியும். துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விடுங்கள், அல்லது மாற்றுங்கள். செலவு செய்ய முடிந்தால், உள்ளேயிருந்து சாவி இல்லாமல் குமிழைத் திருகித் திறக்கும் பூட்டைக் கேட்டுக்குப் போட்டுவிடலாம். வெளியிலிருந்து கைவிட்டுத் திருக முடியாதபடி அதன் பின்னால் ஒரு தகடு வைத்துத் தருவார்கள். நான் இதைத்தான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும்போது வயதானவர்களையோ குழந்தைகளையோ உள்ளே வைத்து வெளியில் பூட்டிவிட்டுச் செல்லும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நினைவு தடுமாறும் முதியவர் எங்காவது போய்விடுவாரோ என்ற பயம் புரிகிறது. ஆனாலும் பூட்டிச் செல்லாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் பகல் முழுவதும் வீட்டிலிருக்கும் அக்கம்பக்கத்தார் ஒருவரிடம் மறுசாவி இருக்கட்டும். உள்ளே ஆள் இருப்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

படி 2: ஒவ்வோர் அறைக்கும் இரண்டு வழி

ஒரு தாளில் வீட்டை வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. கதவு, ஜன்னல், பால்கனி, படிக்கட்டு, கேஸ் சிலிண்டர், மெயின் சுவிட்ச் எல்லாம் இடம்பெற வேண்டும். பிறகு ஒவ்வோர் அறையிலும் நின்று, 'வழக்கமான வழியில் தீ இருந்தால் வேறு எப்படிப் போவேன்?' என்று கேளுங்கள்.

தனி வீடானால் இரண்டாவது வழி பெரும்பாலும் கொல்லைப்புறக் கதவுதான். அதன் முன்னால் அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும் தண்ணீர்க் கேன்களும் அடைத்துக்கொண்டு நிற்கும். இன்றே அகற்றுங்கள். மழையில் ஊறிக் கதவு இறுகியிருந்தால் தச்சரை அழைத்து இழைக்கச் சொல்லுங்கள்.

அடுக்குமாடியில் இரண்டாவது வழி பெரும்பாலும் இருக்காது. அங்கே கிரில்லில் ஒரு திறப்பு வைக்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் சொன்னால், பால்கனி கிரில்லிலோ ஒரு ஜன்னல் கம்பியிலோ ஏறத்தாழ 2 அடி அகலம், இரண்டரை அடி உயரத்துக்கு வெட்டி, கீல் வைத்து, உட்புறம் கொண்டி போட்டுத் தருவார்கள். பூட்டுப் போட்டால் சாவி அந்த அறையிலேயே கொக்கியில் தொங்க வேண்டும். திறப்புக்கு வெளியே ஏசி இயந்திரம் மறிக்காத இடமாகப் பாருங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுச் செய்யலாம்.

தரைத்தளத்திலும் முதல் தளத்திலும் அது வெளியேறும் வழி. அதற்கு மேலே, தீயணைப்பு வீரர்கள் ஏணி வைத்து உங்களை இறக்குவதற்கான வழி. மூன்றாம் மாடியிலிருந்து புடவையைக் கட்டி இறங்கும் முயற்சி வேண்டாம்.

படி 3: படிக்கட்டும் கீழ்த்தளமும்

ஒரே படிக்கட்டு உள்ள மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகளில் அந்தப் படிக்கட்டுதான் அனைவருக்கும் உயிர்வழி. ஆனால் அதன் அடியில்தான் மின்மீட்டர்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் செருப்பு ஸ்டாண்டு, பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி. இப்போது அவற்றோடு சார்ஜ் ஏறும் மின்சார ஸ்கூட்டரும் சேர்ந்துவிட்டது. கீழே தீ எழுந்தால் படிக்கட்டு புகைபோக்கியாக மாறிப் புகையை எல்லா மாடிகளுக்கும் இழுத்துச் செல்லும்.

2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. அந்தப் புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் இறந்தார்கள். லித்தியம் பேட்டரி எரியத் தொடங்கினால் தனக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டு எரியும். அணைத்ததுபோலத் தெரிந்தாலும் மீண்டும் பற்றும். ஆகவே வாசலை மறித்தோ படிக்கட்டின் கீழேயோ சார்ஜ் போடாதீர்கள். காற்றோட்டமான திறந்த இடத்தில், விழித்திருக்கும் நேரத்தில், வண்டியோடு வந்த சார்ஜரில் மட்டும் போடுங்கள். ஓட்டிவந்த சூடு ஆறட்டும். உப்பிய பேட்டரியையும் தண்ணீரில் மூழ்கிய பேட்டரியையும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

மொட்டை மாடிக் கதவைப் பற்றிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். பல இடங்களில் அதற்கும் பூட்டு. சாவி செயலாளர் வீட்டில். உள்ளிருந்து தாழ்ப்பாள் மட்டும் போட்டால் போதும். ஆனால் ஒன்று: படிக்கட்டில் ஏற்கெனவே புகை சூழ்ந்திருந்தால் மேலே ஓடுவதும் ஆபத்து. கதவைத் திறந்ததும் கரும்புகை தெரிந்தால் உடனே மூடிவிட்டு, படி 8இல் சொல்வதைச் செய்யுங்கள். லிஃப்ட் எந்த நிலையிலும் கூடாது. மின்சாரம் நின்றால் இடையிலேயே சிக்கிக்கொள்வீர்கள்.

படி 4: புகை எழுப்பாது, எச்சரிக்கை மணி எழுப்பும்

தீ விபத்தில் இறப்பவர்களில் பலர் தீ தீண்டும் முன்பே புகையால் இறக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கும்போது நம் மூக்கும் தூங்குகிறது. நாற்றம் எழுப்பிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. நுரை மெத்தையும் சோபாவும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய அறை, தீப்பற்றிய சில நிமிடங்களிலேயே முழுவதும் எரியும் நிலைக்கு வந்துவிடும்.

பேட்டரியில் இயங்கும் புகை எச்சரிக்கைக் கருவி இணையக் கடைகளில் கிடைக்கிறது. படுக்கையறைகளுக்கு வெளியே, கூடத்தின் மேற்கூரையில் ஒன்று கட்டாயம் மாட்டுங்கள். முடிந்தால் ஒவ்வொரு படுக்கையறையிலும். சமையலறையில் மாட்டினால் தாளிக்கும்போதெல்லாம் அலறும். எரிச்சலில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். அந்த ஒலியைக் குழந்தைகளும் கேட்டுப் பழகட்டும்.

கருவி வாங்க முடியாவிட்டாலும் காசில்லாமல் ஒன்று செய்யலாம்: படுக்கையறைக் கதவை மூடிக்கொண்டு தூங்குங்கள். சாதாரண மரக்கதவுகூடத் தீயையும் புகையையும் பல நிமிடங்கள் தடுத்து நிறுத்தும்.

படி 5: சமையலறையும் மின்சாரமும்

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தேங்கும். கசிவை அறிவிக்கும் கருவி வைப்பதானால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைக்க வேண்டும். சமையலறைக்குள்ளேயே சாமி மாடம் வைத்து, சிலிண்டருக்கு அருகில் விளக்கேற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. விளக்கைக் கூடத்துக்கு மாற்றுங்கள்.

சிலிண்டர் வந்ததும் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறம் பாருங்கள். 'பி-27' என்பதுபோல ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தக் காலம் கடந்த சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். ஆரஞ்சு நிறக் குழாயின் ஆயுள் ஐந்து ஆண்டு. தேதி அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். படுக்கப்போகும்போது அடுப்பைப் போலவே ரெகுலேட்டரையும் அணையுங்கள்.

எரிவாயு நாற்றம் வந்தால்:

1. எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. புகைபோக்கி விசிறியைப் போட்டுக் காற்றை வெளியேற்ற நினைப்பதுதான் பலர் செய்யும் ஆபத்தான காரியம். சுவிட்சில் எழும் சிறு பொறி போதும்.
2. எரியும் எண்ணெய் விளக்கு, ஊதுவத்தி எல்லாவற்றையும் அணையுங்கள்.
3. ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வின் மேல் பாதுகாப்பு மூடியை மாட்டுங்கள். சிலிண்டரோடு நூலில் தொங்கும் அந்த மூடியை அறுத்து எறிந்துவிடாதீர்கள்.
4. கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள்.
5. வெளியே வந்த பிறகே கைப்பேசியை எடுத்து, எரிவாயு அவசர உதவி எண்ணான 1906க்குச் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, இண்டக்ஷன் அடுப்பு ஆகியவற்றைச் சொருகாதீர்கள். தொட்டால் சுடும் பிளக்கும் பழுப்பேறிய சுவிட்சும் அன்றே மாற்ற வேண்டியவை. அடிக்கடி டிரிப் ஆகிறது என்பதற்காகப் பெரிய எம்சிபி (மின்சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) போடச் சொல்வது ஆபத்து; ஒயர் சூடாகிச் சுவருக்குள்ளேயே எரியும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: அணைப்பதா, ஓடுவதா?

குப்பைக்கூடை அளவைவிடச் சிறிய தீ, உங்கள் முதுகுக்குப் பின்னால் வாசல், மற்ற எல்லோரும் வெளியே போய்விட்டார்கள், புகை தலைமட்டத்துக்கு இறங்கவில்லை. இந்த நான்கும் இருந்தால் மட்டும் அணைக்க முயலுங்கள். ஒன்று குறைந்தாலும் வெளியேறுங்கள்.

வாணலி எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் ஏறத்தாழ 1,700 மடங்கு ஆவியாக விரிந்து, எரியும் எண்ணெயை முகத்தில் வீசும். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. அடுப்பை அணைத்து, பெரிய தட்டைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடி, முழுவதும் ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

ரெகுலேட்டர் பக்கம் தீ பிடித்தால் நனைத்த தடித்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு வால்வை மூடலாம். தீயணைப்புத் துறையினர் செயல்விளக்கங்களில் இதைச் செய்துகாட்டும்போது ஒருமுறையாவது உங்கள் கையால் செய்து பாருங்கள். சாக்கை முகத்துக்கு முன் கேடயமாகப் பிடித்து, தாழ்வாகப் போய், சிலிண்டரின் மேல் போர்த்தியபடியே வால்வை அடைக்க வேண்டும். பழகாதவர் வெறும் வீடியோவைப் பார்த்து முயல வேண்டிய வேலை இது இல்லை. சிலிண்டரே தீக்குள் வெந்துகொண்டிருந்தால் யாரும் கிட்டப் போகாதீர்கள்.

திடப்பொருள், எரியும் திரவம், எரிவாயு ஆகிய மூவகைத் தீக்குமான ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்றை ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல் சமையலறை வாசலில் மாட்டுங்கள். ஊசியை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிபார்த்து, பிடியை அழுத்தி, இடவலமாக வீச வேண்டும். சிறிய தீயணைப்பான் பத்து விநாடி அளவுக்குத்தான் பீய்ச்சும். அதன் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள்.

படி 7: யார் யாரை அழைத்து வருவது

இதைப் பேசி முடிவு செய்யாத வீட்டில், அம்மா அழைத்து வருவார் என்று அப்பாவும், அப்பா அழைத்து வருவார் என்று அம்மாவும் நினைத்துக் குழந்தை உள்ளேயே இருந்துவிடும். கைக்குழந்தை யார் பொறுப்பு, பாட்டி யார் பொறுப்பு, அந்த ஆள் ஊரில் இல்லாத நாளில் யார் என்பதைத் தாளில் எழுதுங்கள். நடக்க முடியாதவரின் படுக்கை வாசலுக்குப் பக்கத்து அறையில் இருக்கட்டும். தூக்க முடியாவிட்டால் போர்வையில் கிடத்தித் தரையோடு இழுத்து வரலாம்.

வெளியே கூடும் இடம் ஒன்று வேண்டும்: எதிர்வீட்டு வாசல், தெருமுனைப் பிள்ளையார் கோயில், மளிகைக் கடை. அங்கே தலையை எண்ணுங்கள். நகைக்கோ பத்திரத்துக்கோ திரும்ப உள்ளே போகக் கூடாது. முக்கிய ஆவணங்களின் நகல்களை இப்போதே உறவினர் வீட்டில் வைத்துவிட்டால் அந்த ஆசையும் எழாது.

வெளியே வந்ததும் தீயணைப்புத் துறையின் 101 அல்லது பொது அவசர எண் 112ஐ அழையுங்கள். தெரு, அடையாளம், எத்தனையாவது மாடி, என்ன எரிகிறது, உள்ளே யாராவது இருக்கிறார்களா, சிலிண்டர் எத்தனை என்று சொல்லுங்கள். அவர்கள் முடிக்கும் முன் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். ஒருவர் தெருமுனைக்குப் போய் வண்டிக்கு வழிகாட்ட, மற்றவர்கள் தெருவில் நிற்கும் கார், பைக்குகளை நகர்த்தட்டும்.

படி 8: வெளியேற முடியாவிட்டால்

கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்காதீர்கள். புகையைக் கடந்துதான் போக வேண்டுமென்றால் தவழ்ந்து போங்கள். தரையை ஒட்டித்தான் மூச்சு விடக்கூடிய காற்று இருக்கும்.

வழியே இல்லையென்றால் தெருவைப் பார்த்த ஜன்னலோ பால்கனியோ உள்ள அறைக்குப் போய்க் கதவைச் சாத்துங்கள். கதவின் அடி இடுக்கில் நனைத்த துண்டையோ போர்வையையோ திணியுங்கள். 101ஐ அழைத்து எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வெளிர்நிறத் துணியையோ டார்ச்சையோ ஆட்டுங்கள். தண்ணீர் இருக்கிறதே என்று குளியலறைக்குள் ஒளிபவர்கள் உண்டு; காற்றுவழி இல்லாத அந்தச் சிறு அறை புகையால் சீக்கிரமே நிரம்பிவிடும்.

துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் ஜமுக்காளத்தாலோ பருத்திப் போர்வையாலோ போர்த்தலாம். அணைந்ததும் புண்ணின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். வீங்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். பற்பசை, பேனா மை, இட்லி மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி 108ஐ அழையுங்கள்.

படி 9: ஒத்திகை

ஆண்டுக்கு இரண்டு முறை, அதில் ஒன்று இரவில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். படுக்கையிலிருந்து தொடங்கி கூடும் இடத்தில் முடிய வேண்டும். சிறு குழந்தைகள் பயந்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வார்கள். ஒளியக் கூடாது, கூப்பிடும் குரலை நோக்கி வர வேண்டும் என்று பழக்குங்கள்.

குடியிருப்புக்கு மொத்தமாகச் செய்ய ஏப்ரல் 14 முதல் 20 வரையிலான தீத்தொண்டு வாரம் பொருத்தமான காலம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அது கடைப்பிடிக்கப்படுகிறது. அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் சங்கத்தின் சார்பில் கடிதம் கொடுத்துச் செயல்விளக்கம் கேளுங்கள். வண்டி உங்கள் தெருவுக்குள் திரும்ப முடியுமா என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடலாம்.

வீடு மாறினாலும், குழந்தை பிறந்தாலும், ஊரிலிருந்து அப்பத்தா வந்து தங்கினாலும் திட்டம் மாறும். மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பினால், அவரை யார், எந்த வழியாக இறக்குவது என்பதை அன்று மாலையே தாளில் திருத்தி எழுதுங்கள்.